இருவருக்கென்று பார்த்த அறை

தாம்பரத்தில் அந்த நாளில் இருந்த டென்ட் கொட்டகையில் ஒரு மாயாஜாலப் படம் பார்த்தேன். இடைவேளை வரைக்கும் அந்தக் கொட்டகையில் என்னைவிட மகிழ்ச்சியான பெண் இருந்திருக்க மாட்டாள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஓர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கிழக்குத் தாம்பரத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இருந்தேன். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா தலையில் மீன் கூடையோடு தெருத் தெருவாக விற்கிறவள். எங்கள் குப்பத்தில் யாருக்காவது தந்தி வந்தால் ஊரே ஓடிவந்து என் கையில்தான் கொடுக்கும். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லை என்று சொல்லி அடக்கம் காட்ட எனக்குத் தெரியாது. விடுதியில் எல்லோரும் என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். கொஞ்சம் கேலிதான். எனக்குப் பிடித்திருந்தது.

விடுதியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டு வருடம்தான் இடம். பிறகு புதிதாக வருகிற பெண்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மே மாதத்தோடு எனக்கும் என் சிநேகிதிக்கும் கெடு முடிகிறது. சிநேகிதி என்றால் என்னோடு அந்த இரண்டு வருடமும் ஒரே அறையில் இருந்தவள். கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். செங்கல்பட்டில் அவள் அப்பா தலைமையாசிரியர், தாத்தா சர்ச்சில் உபதேசியார். படிப்பு அவர்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் மாதிரி. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் பழகத் தெரிந்தவள். கடல் சத்தம் கேட்காமல் தூக்கம் வராது நான் புரண்ட முதல் வாரத்தில், எழுந்து உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அம்மாவுக்கு நான் திரும்பி வந்துவிட வேண்டும்.

"இன்னாத்துக்கு அங்க தனியா கெடக்கணும்? இங்க ஸ்கூலு இல்லியா? உன் மாமன் புள்ள இன்னும் எத்தினி நாளு காத்துகினு இருப்பான்?"

மாமன் மகன் நல்லவன்தான். அவனைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பிப் போனால் ஒரு வருடத்துக்குள் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பிறகு நான் நிறைய அழுது, நிறையப் பேசியதில் கடைசியில் அம்மா இறங்கிவந்தாள். அந்த டைப்படிக்கிற பெண் கூடவே இருந்தால் சரி, இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஈஸ்டர் முடிந்த ஒரு சனிக்கிழமை காலையில் நானும் சிநேகிதியும் இரும்புலியூரில் அறை பார்த்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒரு மாடி அறை. சமைக்க ஒரு மேடை, வெளியே தண்ணீர்த் தொட்டி. ஜன்னலைத் திறந்தால் செங்கல்பட்டு போகும் ரயில்கள் தெரிந்தன. வீட்டுக்காரம்மாவின் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர்னா விடறேன். ஒத்தைப் பொண்ணுக்கு விடமாட்டேன், அதை இப்பவே சொல்லிடறேன்."

ஆக, அம்மாவும் அதையே சொன்னாள், வீட்டுக்காரம்மாவும் அதையே சொன்னார். நாங்கள் இரண்டு பேர். வரும்போது ரயில்வே கேட்டில் நின்று நான் அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் அவளைப் பார்க்க வந்தார். பார்வையாளர் கூடத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அடிக்கடி நடப்பதுதான்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமாக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் இருப்பதில்லை. குப்பத்துக்குப் போய்விடுவேன். அறை பார்த்ததால் அந்த வாரம் தங்கிவிட்டேன். மதியச் சாப்பாட்டு மேஜையில், வார்டனம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஜிலேபி இருந்தது. வைத்தவள் என் சிநேகிதி. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். வார்டனம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எதற்கு ஜிலேபி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அறை கிடைத்ததற்கு. எங்கள் குப்பத்தில் புது வீட்டுக்குக் கூரை போட்டால் தெருவுக்கே சர்க்கரை கொடுப்பார்கள். இவர்கள் வசதியானவர்கள், ஜிலேபி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். அவளும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஆபீஸில் வேலை அதிகம். நேரம் கழித்துத்தான் வருவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அறையைப் பற்றியே பேசுவேன். எந்தப் பக்கம் யாருடைய பெட்டி, ஸ்டவ் யார் வாங்குவது, திரைச்சீலைக்கு என்ன நிறம்.

"ஜன்னல் பக்கம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்கோ, டீச்சர்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்: "நாளைக்கு எல்லாரையும் படத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ ஊருக்குப் போகாதே. நீ இல்லாம முடியாது."

எல்லாரும் என்றால் அடுத்த அறையில் இருந்த இரண்டு பேர். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொருத்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். நாள் முழுக்கக் குரலைத் தணித்துத் தணித்துப் பேசி, வெளியே வந்ததும் கூரை அதிரப் பேசுவாள். எங்கள் வார்டனம்மா சினிமாவுக்கு அனுமதி கொடுப்பது லேசில் நடக்காது. எந்தப் படம், யார் நடித்தது, எத்தனை மணிக்கு விடும், எல்லாம் கேட்பார். அந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். மார்க்கெட் வழியாக நடந்தோம். சிநேகிதி எல்லோருக்கும் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தாள். கொட்டகை வாசலில் சூனியக்காரக் கிழவியின் படம் வரைந்த பெரிய தட்டி. அதன் கண்களுக்குச் சிவப்பு பல்பு வைத்திருந்தார்கள். ஒரு கண் எரியவில்லை.

"ஒரு கண்ணுல புரை விழுந்துடுச்சு. நம்ம ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றாள் டெலிபோன்காரி.

"எங்க வார்டுல இதுமாதிரி ஏழெட்டுப் பேர் இருக்காங்க. இன்னொண்ணு வேண்டாம்மா" என்றாள் நர்ஸ்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் என் சிநேகிதி முந்திக்கொண்டு போனாள். நான் யாருடைய செலவிலும் படம் பார்க்கிறவள் இல்லை. பையைத் திறந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

"பாதி நான் கொடுக்கறேன். நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான சந்தோஷம்தானே இது?"

டெலிபோன்காரி என் தோளில் அடித்துச் சிரித்தாள். "ஆசையைப் பாரு. இதுல பாதி வேணுமாம் டீச்சருக்கு."

நர்ஸும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் எனக்கும் சிரிப்பு வந்தது. சிநேகிதி மட்டும் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

பெண்கள் பக்கத்தை ஓர் ஆள் உயர ஓலைத் தட்டி பிரித்திருந்தது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் மணலில் குழந்தைகளோடு பெண்கள் நிறையப் பேர். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவள் திட்டினால் ஒரு கைப்பிடி மணலைத் தள்ளிவிட்டு, அவ்வளவுதான் முடியும் என்பதுபோல் மறுபடி உட்காருவார்கள். வெற்றிலை வாசனை, பீடிப் புகை, மல்லிகை, யாருடைய புடவையிலிருந்தோ எனக்கு நன்றாகத் தெரிந்த கருவாட்டு வாசனை. நான் இரண்டு பக்கமும் சிநேகிதிகளோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

கதை இதுதான். ஒரு குறுநில மன்னனின் மகளும் அவளுடைய தோழியும் காட்டில் வழி தவறுகிறார்கள். இருட்டில் ஒரு குடிசை. உள்ளே ஒரு கிழவி. அடுப்பு எரிகிறது, ஆனால் கிழவிக்கு நிழல் இல்லை. இலையில் சோறு போட்டுக் கூப்பிடுகிறாள். அங்கே சாப்பிடுகிறவர்களின் நிழலைக் கிழவி எடுத்துக்கொள்வாள். நிழலை இழந்தவர்கள் காலிலிருந்து மேலே மேலே கல்லாகிவிடுவார்கள்.

கொட்டகையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. முன்னால் மணலில் இருந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"அய்ய, துன்னாதடி. அந்தக் கெயவி மூஞ்சியப் பாத்தாலே தெரியல?"

"பசிக்கிது, துன்றா. உனக்கின்னா போச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இளவரசிக்குப் பசி. ஆனால் இளவரசி சாப்பிடுவதற்கு முன்னால் தோழிதான் ருசி பார்க்க வேண்டும். அது அவள் வேலை. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கிறாள். சுவரில் இருந்த அவளுடைய நிழல் அப்படியே ஓரத்தில் உரிந்து, ஈரத்துணி மாதிரி கீழே விழுகிறது. கிழவி அதைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொள்கிறாள். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. டெலிபோன்காரி என் முழங்கையைப் பிடித்தாள். இளவரசி அலறிக்கொண்டு ஓடுகிறாள். தோழியால் ஓட முடியவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்க்கிறாள். பாதம் கல்.

அங்கே விளக்கைப் போட்டார்கள். இடைவேளை.

முறுக்கு விற்கிறவரும் சோடாக்காரரும் உள்ளே வந்தார்கள். எல்லோரும் பயந்ததை மறைக்க உரக்கப் பேசினார்கள். சிநேகிதி நான்கு பேருக்கும் கலர் சோடா வாங்கினாள். டெலிபோன்காரி குடித்துவிட்டு ஏப்பம் விட்டபடி அவளிடம் சொன்னாள்:

"கடைசியில கலர்ல கல்யாணம் இருக்காம். நல்லா பாத்துக்கோடி, உனக்கு ஒத்திகை."

"யாருக்கு ஒத்திகை?" என்றேன்.

"பாரேன், டீச்சரம்மா கேள்வி கேக்கறாங்க. கையைக் கட்டிக்கிட்டுப் பதில் சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"இல்லை, நிஜமாத்தான் கேக்கறேன்."

"இவளுக்குத்தான். ஜூன்ல. மாப்பிள்ளை திருச்சி, ரயில்வே ஆபீஸ்ல வேலை. ஏன், நீ ஜிலேபி சாப்பிடலையா? ரெண்டு எடுத்தியே, நான் பாத்தேனே."

நான் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. முகத்தில் அது தெரிந்தது.

"தெரியும். சும்மா கேட்டேன்" என்றேன்.

விளக்கு அணைந்தது.

விடுதியின் கிறிஸ்தவப் பெண்களிடையே இருந்த வழக்கம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அறிவிப்பார்கள். அதுவரைக்கும் பெண் தன் வாயால் தன் கல்யாணத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் வெட்கமில்லாதவள். அதனால் விடுதியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். நிச்சயமானவள் ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இனிப்பு வைப்பாள். பார்த்தவர்கள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த சனிக்கிழமை நெருங்கியவர்களைப் படத்துக்குக் கூட்டிப் போவாள். எத்தனையோ பேருக்கு இப்படி நடந்திருக்கிறது. எல்லா ஞாயிறும் நான் மீன்குழம்பு சாப்பிட ஊருக்குப் போயிருந்தேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் என்றால் தெரு அடங்காது. தாம்பூலத் தட்டு போகும், தாய்மாமன் கோபித்துக்கொள்வான், ஒலிபெருக்கி கட்டுவார்கள், நாய்க்குக்கூடத் தெரிந்துவிடும். ஒரு கல்யாணம் இவ்வளவு சத்தமில்லாமல் என் பக்கத்துக் கட்டிலிலேயே முடிவாக முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் பாதியை நான் பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இளவரசி ஓர் இளவரசனைச் சந்தித்தாள். இரண்டு பேரும் பாடினார்கள். இளவரசன் குடிசைக்கு வந்தான், கிழவியை அவளுடைய அடுப்பிலேயே தள்ளினான். கூடையைத் திறந்ததும் நிழல்கள் வௌவால் கூட்டம் மாதிரி பறந்தன. உடனே படம் கலராகிவிட்டது. மஞ்சளும் சிவப்புமாக அரண்மனை, மாலை, கல்யாணம். முன்னால் இருந்த பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்கள். என் இடது கை மேல் சிநேகிதியின் கை வந்து உட்கார்ந்தது. நான் கையை எடுக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருத்தி அவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அரசனின் மகளுக்குக் கல்யாணம் நடந்த நேரமெல்லாம் நான் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள். ஒரு ஆளுக்கு அறை இல்லை. அறை இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

வெளியே வந்தபோது நர்ஸ்தான் கேட்டாள்: "அந்தத் தோழி என்ன ஆனா? அவளைக் காட்டவே இல்லையே."

"ரீலை வெட்டியிருப்பானுங்க. ரெண்டாவது ஆட்டத்துக்கு நேரமாயிடும்ல" என்றாள் டெலிபோன்காரி.

"அதுக்காக? பாவம், அவதானே முதல்ல சாப்பிட்டா."

"தோழிதானேடி. நிழல் திரும்பி வந்திருக்கும், எழுந்து வீட்டுக்குப் போயிருப்பா."

அந்தப் பெண்ணோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் யாருக்கும் சோற்றை ருசி பார்க்கும் வேலையில் இருந்தவள் இல்லை.

அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். சிநேகிதி என்னோடு பின்னால் வந்தாள். மார்க்கெட்டில் கடைகள் பாதி அடைத்திருந்தன. வாழை இலைக் கழிவை மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள்.

"தெரியும்னு சொன்னேனே."

"பொய் சொல்லாதே. ஜிலேபி வச்சப்போ நீ என் கையை அமுக்கினே. நீ கோவிச்சுக்கலைன்னு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அன்னிக்கு ராத்திரிதான் நல்லா தூங்கினேன். நீ அறையைப் பத்திப் பேசினதெல்லாம், வேற யாரையோ சேர்த்துக்கப் போறே, என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீ அப்படிப் பேசறேன்னு நினைச்சேன். வாசல்ல பாதி கொடுக்கறேன்னு சொன்னியே, அதுவும் கேலின்னுதான்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். மின்சார ரயில் ஒன்று, ஆளில்லாத பெட்டிகளில் விளக்கு எரிய, மெதுவாகப் பணிமனைப் பக்கம் போயிற்று.

"என் பெரியம்மா பொண்ணு ஒருத்தி ஜூலைல வேலைக்கு வர்றா. அவகிட்ட கேக்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பிறகு, அவள் அழுதுவிடுவாள் போலிருந்ததால், "மாப்பிள்ளை எப்படி, ரெண்டு கண்ணும் எரியுதா?" என்று கேட்டேன். அவள் அழுகையும் சிரிப்புமாக என் முதுகில் அடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் எல்லோரும் சர்ச்சுக்குப் போன நேரத்தில் நான் இரும்புலியூருக்கு நடந்தே போனேன். வீட்டுக்காரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னொருத்தி எங்கே?"

"அவளுக்குக் கல்யாணம். நான் மட்டும்தான்."

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா. ஒத்தைப் பொண்ணுக்கு விடறதில்லை."

"ஏன், உங்க வீட்டுல பயமா?"

அவர் கீரையிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"என் வீட்டுல என்ன பயம்? ஊரு வாயை யாரு அடைக்கறது?"

"ஊரு பிள்ளைங்களுக்கு நான்தான் பாடம் சொல்லித் தர்றேன். அவங்க வாயை நான் பாத்துக்கறேன்."

"வாயி உனக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றார். கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "உங்கம்மா என்ன சொல்றாங்க? போய் உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க என் முகத்தைப் பாத்துச் சரின்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

அதைவிட அவர் ஒரேயடியாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படியே இரண்டு பஸ் மாறிக் குப்பத்துக்குப் போனேன். மதிய வெயிலில் அம்மா காலிக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அப்போ வந்துடு."

"வரமாட்டேன்."

"துணை இருந்தாத்தானேன்னு பேச்சு?"

"துணை போயிடுச்சும்மா. வேலை போகல."

அம்மா கூடையைக் கவிழ்த்து மணலில் வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கடலைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்ல எல்லாப் பதிலும் இருந்தது.

"அந்தப் பொண்ணு சொல்லாமலே போய்ட்டாளா?"

"அவங்க வழக்கம் அப்படி."

"இன்னா வழக்கமோ" என்றாள். பிறகு, "நாளைக்கி யாவாரம் வேணாம். வரேன்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். அம்மா பெட்டியிலிருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையை எத்தனை முறை கழுவினாளோ, சீயக்காய் வாசனை வந்தது. வீட்டுக்காரம்மா நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. மாடிக்குப் போய் அறையைப் பார்த்தாள். கதவை உள்ளிருந்து தாழ் போட்டு, தோளால் இடித்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்தாள். கீழே வந்ததும் வீட்டுக்காரம்மா கேட்டார்:

"வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு உங்களுக்குப் பயமா இல்லையா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஆம்பளயக் கடலுக்கு அனுப்பிட்டுத் தூங்கறவம்மா நானு. தரை மேல கீற பொண்ணுக்கு இன்னாத்துக்குப் பயப்படப் போறேன்? நீங்க கீழ கீறீங்க. அது போதும்."

வீட்டுக்காரம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, என்னிடம் கொடுக்காமல் அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. அதுவரை எங்கள் வீட்டில் பெருமைப்படத்தக்க ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

பஸ் ஏற்றிவிட ஜி.எஸ்.டி. ரோடு வரை கூடப் போனேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா புழுதிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"நிஜமாவே உனக்குப் பயம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"உங்கப்பா போற ராத்திரி நான் என்னிக்குடி தூங்கிக்கீறேன்?"

"தூங்கறவன்னு சொன்னியே."

"அவங்களாண்ட சொன்னேன்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கள் ஊரில் அப்படித்தான் விடைபெறுவார்கள். கட்டுமரத்தில் போகிறவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் அறைக்குத் திரும்பி வந்தேன். விடுதியிலிருந்து பெட்டி இன்னும் வரவில்லை. பாயும் இல்லை. வெறும் தரையில் எந்தப் பக்கம் உட்காருவது என்று சற்று நேரம் தெரியவில்லை. பிறகு நடுவில் உட்கார்ந்தேன். கீழே வீட்டுக்காரம்மா யாரிடமோ, "மேலயா? மேல ஒரு டீச்சர்" என்று சொல்வது கேட்டது.